கஜா மாதிரிப் புயலை அறுபதடி டவர் தாங்குமா?

வாசகர் கடிதம்: வேதாரண்யத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறேன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கியிருக்கிறேன். கஜா புயலுக்குப் பிறகு எங்கள் ஊரில் பல நாள் கரண்டும் இல்லை, செல்போனும் இல்லை. அடுத்த புயலில் ஊருக்கு உதவ வேண்டும் என்பதற்காகவே உரிமம் எடுத்தேன். ஸ்டே கம்பி கட்டி நிறுத்தும் 60 அடி டவர் ஒன்று விலைக்கு வருகிறது. 160 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும் என்று விற்பவர் சொல்கிறார். மொட்டை மாடியில் நிறுத்தி, ஒரு கம்பியைக் கைப்பிடிச் சுவரிலும் மற்ற இரண்டைக் கொல்லையில் உள்ள தென்னை மரங்களிலும் கட்டலாம் என்று நினைக்கிறேன். பக்கத்தில் ஓட்டு வீடு, அங்கே சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். டவர் தாங்குமா? இல்லை, கம்பியே இல்லாத நாலு கால் டவர்தான் பாதுகாப்பா?

பதில்:

ஐயா, வணக்கம். முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டே கம்பி கட்டிய டவர் உங்கள் ஊர்ப் புயலைத் தாங்கும். நீங்கள் எழுதியிருக்கும் விதத்தில் கட்டினால் தாங்காது. இரண்டு இடத்திலும் டவர் ஒன்றேதான். வித்தியாசம் முழுக்கக் கம்பியின் கீழ்முனையில், அது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. அதனால் டவரைப் பற்றிக் கொஞ்சமாகவும், மண்ணுக்குள் போகும் பகுதியைப் பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

குலை தள்ளிய வாழைக்குச் சவுக்குக் கம்பு நட்டுக் கட்டி வைப்பார்கள் அல்லவா? காற்றடிக்கும்போது அந்த மரத்தை நிறுத்தி வைப்பது அதன் தண்டு அல்ல, அந்தக் கட்டுதான். ஸ்டே டவரும் அப்படியே. காற்று ஒரு பக்கமிருந்து தள்ளும்போது, காற்று வரும் பக்கத்துக் கம்பி விறைக்கிறது, எதிர்ப்பக்கத்துக் கம்பி தளர்கிறது. விறைத்த கம்பி டவரைப் பின்னுக்கு இழுக்கும்போதே கீழ்நோக்கியும் அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் வளையாமல் நிற்பதுதான் டவருக்குப் பெரும்பாலும் உள்ள வேலை. அதற்கு மெல்லிய மூன்று கால் சட்டகம் போதும். இந்த முறையை யாரும் குறைவாக எடைபோட வேண்டாம். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில், நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் கடற்படைத் தளமான ஐ.என்.எஸ். கட்டபொம்மனில் 471 மீட்டர் உயர மாஸ்ட்டுகள் (ஒல்லியான கம்பக் கோபுரங்கள்) ஸ்டே கம்பிகளை நம்பித்தான் நிற்கின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்காகக் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கும் வட்டாரம் அது. 1990-இலிருந்து அந்தத் தளம் இயங்குகிறது.

உலகத்தில் பேர் சொல்லும் அளவுக்குப் பெரிய ஸ்டே மாஸ்ட்டுகள் விழுந்த கதைகளைப் பார்த்தால், நேரடியாகக் காற்று மட்டுமே தள்ளி விழுந்தவை குறைவு. போலந்தில் கான்ஸ்டான்டினோவ் என்ற ஊரில் 646 மீட்டர் உயர வானொலி மாஸ்ட் இருந்தது. அந்தக் காலத்தில் உலகத்திலேயே உயரமான கட்டுமானம் அதுதான். 1991 ஆகஸ்ட் 8 அன்று ஸ்டே கம்பி மாற்றும் வேலையின்போது முறிந்து விழுந்தது. அமெரிக்காவின் வடக்கு டகோடாவில் 628 மீட்டர் தொலைக்காட்சி மாஸ்ட் ஒன்று இரண்டு தடவை விழுந்திருக்கிறது. 1968-இல் ஹெலிகாப்டர் ஒன்று ஸ்டே கம்பியில் மோதி அறுத்தது. திரும்பக் கட்டினார்கள். 1997 ஏப்ரலில் கம்பிகளில் உறைந்த பனிக்கட்டியின் பாரமும் காற்றும் சேர்ந்து அதை மறுபடி சாய்த்தன. இங்கிலாந்தில் எம்லி மூர் என்ற இடத்தில் 385 மீட்டர் உருளை மாஸ்ட் 1969 மார்ச் 19 அன்று விழுந்தது. அன்றைக்குப் புயல் எதுவும் இல்லை. மிதமான காற்று ஒரே சீராக அடித்து மாஸ்ட்டை அதிரவைத்தது, கம்பிகளில் பனி ஏறியிருந்தது, இரண்டும் சேர்ந்துகொண்டன. காற்றே முழுக் காரணமாக இருந்ததற்கும் உதாரணம் உண்டு. 1992 ஆகஸ்டில் ஃப்ளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ சூறாவளி ஹோம்ஸ்டெட் அருகே ஒரு தொலைக்காட்சி மாஸ்ட்டைக் கீழே தள்ளியது. எந்தக் காற்றும் ஒன்றும் செய்யாது என்று எந்தப் பொறியாளரும் எழுதித் தர முடியாது. ஆனால் கம்பியும் கம்பியின் பிடியும் சரியாக இருந்தால், டவர் விழுவதற்கு முன் காற்று மிகவும் கடுமையாக இருக்க வேண்டும்.

எவ்வளவு கடுமை என்பதற்கு நம் நாட்டில் கணக்கு இருக்கிறது. ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிர்ணயத்தின் மூன்றாம் பகுதி ஊருக்கு ஊர் அடிப்படைக் காற்று வேகம் கொடுக்கிறது. மதுரை, கோவைக்கு நொடிக்கு 39 மீட்டர், திருச்சிக்கு 47, சென்னை, புதுச்சேரி போன்ற கிழக்குக் கரை ஊர்களுக்கு 50. உங்கள் ஊருக்கும் 50 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது மணிக்கு 180 கிலோமீட்டர். மூன்று நொடி நீடிக்கும் வீச்சின் வேகம் அது. திறந்த வெளியில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கலாம் என்று எடுத்துக்கொண்ட அளவு. 2015-இல் வந்த திருத்தத்தில் இன்னொன்றும் சேர்த்தார்கள். கிழக்குக் கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள், புயல் ஓய்ந்த பிறகும் வேலை செய்தாக வேண்டிய கட்டுமானங்களுக்கு இந்த வேகத்தை 1.3 மடங்காக்கிக் கணக்குப் போட வேண்டும். தகவல் தொடர்புக் கோபுரங்கள் அந்தப் பட்டியலில் வருகின்றன. புயலுக்குப் பின் ஊருக்கு உதவத்தான் டவர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அந்த 1.3 உங்களுக்கும் உண்டு.

விற்பவர் சொல்லும் 160 எதற்கும் போதாத வெறும் எண். மூன்று நொடி வீச்சா, சில நிமிடச் சராசரியா? நம் வானிலைத் துறை புயல் அறிக்கையில் சொல்வது மூன்று நிமிடச் சராசரி, வீச்சை அதற்குமேல் தனியாகச் சொல்வார்கள். உச்சியில் எத்தனை சதுர மீட்டர் ஆண்டெனா வைத்தால் 160? எத்தனை மட்டத்தில் கம்பி கட்டினால்? கம்பி எவ்வளவு தூரத்தில் இறங்கினால்? இந்த நாலு கேள்விக்கும் எழுத்தில் பதில் தரமுடியாத வியாபாரியிடம் வாங்காதீர்கள்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 47 கிலோ அழுத்தம். 180-இல் சுமார் 150 கிலோ. வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, அழுத்தம் மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. போன வருஷக் காற்றில் அசையாமல் நின்றது என்பதை வைத்து அடுத்த புயலைத் தாங்கும் என்று நம்பக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

இனி உங்கள் டவருக்கு வருவோம். முகம் ஒரு அடி அகலமுள்ள மூன்று கால் சட்டகம் என்று எடுத்துக்கொள்கிறேன். 180 கிலோமீட்டர் காற்றில் அதன் ஒவ்வொரு மீட்டர் உயரத்திலும் ஏறத்தாழ 24 கிலோ தள்ளும். உச்சியில் யாகி என்ற, மூன்று குறுக்குக் குழாய்கள் உள்ள ஆண்டெனா வைத்தால் அதன் மேல் தொண்ணூறு கிலோ அளவுக்கு. நடுவில் ஒன்பது மீட்டரில் ஒரு வரிசை, உச்சிக்குச் சற்றுக் கீழே பதினேழு மீட்டரில் ஒரு வரிசை என்று இரண்டு மட்டத்தில் கம்பி கட்டினால், மேல் வரிசைக்கு வரும் பக்கவாட்டுத் தள்ளல் சுமார் 210 கிலோ. இதுவரை பயப்பட ஒன்றுமில்லை. இனிமேல்தான் கம்பியின் சாய்வு விளையாடுகிறது.

டவரின் அடியிலிருந்து 12 மீட்டர், அதாவது 40 அடி தள்ளிக் கம்பியை இறக்கினால் மேல் கம்பியில் இழுவிசை சுமார் 365 கிலோ. மாடியில் அவ்வளவு இடம் கிடையாது. கைப்பிடிச் சுவர் ஐந்து மீட்டரில் வந்துவிடும். அங்கே கட்டினால் அதே காற்றுக்கு அதே கம்பியில் 745 கிலோ. அதில் 700 கிலோவுக்கு மேல் சுவரை நேராக மேலே தூக்கும் விசை, அதே அளவு டவரைக் கீழே அழுத்தும் விசை. நாலரை அங்குலச் செங்கல்லில் மூன்றடி உயரம் எழுப்பிய கைப்பிடிச் சுவர், ஒரு மீட்டர் நீளத்துக்கு இருநூறு கிலோ எடைகூடத் தேறாது. கான்கிரீட்டில் போடுவதுபோல் அதற்குள் இரும்புக் கம்பி ஓடுவதில்லை. கான்கிரீட் தளத்தோடு அதைப் பிணைப்பது கலவைப் பூச்சு மட்டும்தான். ஸ்டே கம்பி அதைப் பல் பிடுங்குவதுபோல் பிடுங்கிவிடும். டவரோடு சேர்த்து அந்தச் செங்கல்லும் பக்கத்து ஓட்டு வீட்டின் மேல்தான் விழும். இது வேண்டவே வேண்டாம்.

தென்னையும் வேண்டாம். உங்கள் பக்கத்தில் கஜா சாய்த்த தென்னைகளை நீங்களே பார்த்தீர்கள். நல்ல காற்றில் தென்னையின் தலை பல அடி ஆடும். டவர் ஒரு தாளத்தில் ஆட, மரம் வேறு தாளத்தில் ஆட, கம்பி ஒரு கணம் தொங்கும், அடுத்த கணம் சொடுக்கி இழுக்கும். அந்தச் சொடுக்கலில் வரும் விசை நான் மேலே சொன்ன கணக்குக்குள் அடங்காது. மரம் விழுந்தால் டவரையும் கூட்டிக்கொண்டு விழும். கம்பியை மரத்தில் கட்டாமல் விட்டாலும் தொல்லை தீராது. கம்பி போகும் வழிக்கு அருகில் தென்னை இருந்தால், அது கம்பியின் மேல் விழுந்தாலும் முடிவு அதுதான். கஜாவுக்குப் பிறகு உங்கள் பக்கத்திலும் பட்டுக்கோட்டைப் பக்கத்திலும் விழுந்த சிறிய டவர்களைப் போய்ப் பார்த்திருக்கிறேன். மரமோ, பறந்து வந்த தகர ஷீட்டோ கம்பியில் மோதி விழுந்தவை அவற்றில் இருந்தன. அங்கெல்லாம் டவரின் இரும்பில் ஒரு குறையும் தெரியவில்லை. டவருக்கு இடம் பார்க்கும்போது மூன்று கம்பிகளும் இறங்கும் மூன்று திசைகளிலும் நடந்து, எந்த மரம் எங்கே விழும் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஆக, டவர் தரையில், கொல்லையில் நிற்க வேண்டும். மூன்று கம்பிகளும் ஒன்றுக்கொன்று 120 டிகிரி திசையில், டவர் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், மண்ணுக்குள் புதைத்த கான்கிரீட் கட்டைகளில் இறங்க வேண்டும். அறுபதடிக்கு நாற்பதடி தூரம். அந்த அளவு கொல்லை இல்லையென்றால் கம்பியைக் கிட்டே இழுக்காதீர்கள், டவரைக் குட்டையாக்குங்கள். நாற்பதடி டவருக்கு இருபத்தேழு அடி போதும். உங்கள் தேவைக்கு நாற்பதடியே தாராளம் என்பது என் எண்ணம், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

கட்டையின் அளவு. அறுபதடி டவரில் இரண்டு மட்டத்துக் கம்பிகளும் ஒரே கட்டையில் இறங்கினால், மேல்நோக்கிப் பிடுங்கும் விசை சுமார் 450 கிலோ. 1.3 மடங்கு வேகத்துக்குப் பார்த்தால் 760 கிலோ. ஒரு கன மீட்டர் கான்கிரீட் 2,400 கிலோ எடை, மூன்று மடங்குக்கு மேல் இருக்கிறதே என்று தோன்றும். உங்கள் ஊரில் அப்படிக் கணக்குப் போட முடியாது. மணல் மண், மேலாகவே நிலத்தடி நீர், புயலன்று கொட்டும் மழை. கட்டை தண்ணீருக்குள் இருக்கும்போது அதன் எடை 1,400 கிலோதான். அதனால் ஒரு கன மீட்டர் கட்டையை மேல்பரப்போடு நிறுத்தாமல், அதற்கு மேல் இரண்டடி மண் வருமாறு ஆழத்தில் இறக்கி, மண்ணைத் தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டியாக்குங்கள். மேலே உள்ள மண்ணின் எடையும் சேர்ந்துகொள்ளும். டவரின் அடிக்கும் தனிக் கட்டை வேண்டும், அது அழுத்தம் தாங்குவதற்கு. அது பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, நல்ல கொத்தனார் தெரிந்து செய்வார்.

கட்டையிலிருந்து வெளியே வந்து கம்பியைப் பிடித்துக்கொள்ளும் இரும்பு ஆங்கர் ராடுதான் இந்த முழு அமைப்பிலும் எனக்கு அதிகக் கவலை தருவது. உப்பளத்து ஊர் உங்களுடையது. டவர் பார்க்கப் போகும்போது நான் முதலில் மேலே அண்ணாந்து பார்ப்பதில்லை, ஆங்கர் ராடின் அடியில் உட்கார்ந்து கையால் மண்ணைத் தோண்டுவேன். மேலே வெள்ளி மாதிரிப் பளபளக்கும் ராடு, மண்ணுக்குள் நாலு விரற்கடை இறங்கியதும் செதில் செதிலாக உரிந்து, பென்சில் பருமனுக்குத் தேய்ந்து போயிருக்கும். மண் மூடியிருப்பதால் ஆண்டுக்கணக்கில் யாரும் பார்ப்பதில்லை. காற்றும் ஈரமும் உப்பும் சேர்ந்து வேலை செய்யும் இடம் அந்த முதல் ஒரு அடிதான். சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த ராடாக வாங்குங்கள், பெயிண்ட் மாதிரிப் பூசியது வேண்டாம். ராடைச் சுற்றிக் கான்கிரீட்டையே தரைக்கு மேல் அரையடி வரை கழுத்தாக எழுப்பி, தண்ணீர் தேங்காமல் சரிவு கொடுங்கள். அந்தக் கழுத்தின் மேல்விளிம்பையும் வருஷத்துக்கு ஒருமுறை சுரண்டிப் பாருங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாதது. இடிக்குப் பாதுகாப்பாகச் செம்பு எர்த் ராடு அடித்து, அதை டவரோடு இணைப்பீர்கள். அது தேவைதான். ஆனால் ஈர மண்ணில் செம்பும் துத்தநாகம் பூசிய இரும்பும் ஒன்றோடொன்று மின்தொடர்பில் இருந்தால் பேட்டரி மாதிரி ஆகிவிடும், கரைவது இரும்பாகத்தான் இருக்கும். உப்புத் தண்ணீரில் இன்னும் வேகமாகக் கரையும். எர்த்துக்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பே பயன்படுத்துங்கள், அதை ஆங்கர் கட்டைகளுக்குத் தள்ளி, டவர் அடியில் இறக்குங்கள்.

கம்பியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மின்வாரியக் கம்பங்களுக்குப் போடும் ஏழு இழை ஜி.ஐ. ஸ்டே ஒயரில், ஒவ்வொரு இழையும் இரண்டரை மில்லிமீட்டர் உள்ளது, சதுர மில்லிமீட்டருக்கு 700 நியூட்டன் தரமாக இருந்தால் அறுந்துபோகச் சுமார் 2.4 டன் வேண்டும். நமக்குத் தேவை முக்கால் டன்னுக்குள். நைலான் கயிறு கூடாது, அது நீளும், வெயிலில் மக்கிப்போகும். ஒயர் அறுவதைவிட ஒயரின் முனை நழுவுவதுதான் வழக்கம். முனையை மடக்கும் இடத்தில் திம்பிள் என்ற வளைந்த இரும்புத் தகட்டைப் போட வேண்டும், இல்லாவிட்டால் இழைகள் நசுங்கும். யூ கிளாம்ப் குறைந்தது மூன்று போடுங்கள், எல்லாவற்றையும் ஒரே பக்கமாகப் போடுங்கள். பள்ளம் வெட்டிய அடிப்பகுதி சுமை ஏறும் நீளக் கம்பியின் மேலும், யூ வளைவு மடக்கிய குட்டை முனையின் மேலும் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் சுமைக் கம்பியை யூ வளைவு நசுக்கும். திருகி இறுக்கும் டர்ன்பக்கிளை மாட்டி இறுக்கிய பிறகு, அதன் நடுவே ஒரு துண்டுக் கம்பியைக் கோத்து இரண்டு முனையோடும் கட்டிவிடுங்கள். காற்றில் கம்பி அதிர அதிர டர்ன்பக்கிள் தானாகக் கழன்றுகொள்ளும். பளார் என்று அடிக்கும் புயலைவிட, மாசி பங்குனியில் சீராக அடிக்கும் கடல்காற்றுதான் இந்த வேலையைச் செய்வது. கம்பியில் இடையிடையே இன்சுலேட்டர் போடுவதாக இருந்தால் முட்டை இன்சுலேட்டர் வாங்குங்கள். அதில் இரண்டு கம்பிகளும் ஒன்றுக்குள் ஒன்று கோத்தபடி போவதால், பீங்கான் உடைந்தாலும் கம்பி கைவிடாது.

எவ்வளவு இறுக்குவது? இறுக்கினால் நல்லது என்று எல்லோரும் நினைப்பார்கள். அதிகமாக இறுக்கினால் மூன்று கம்பியும் சேர்ந்து காற்றே இல்லாதபோதும் டவரைக் கீழே நசுக்கிக்கொண்டிருக்கும். தொய்வாக விட்டால் டவர் ஆடி ஆடிக் கம்பியைச் சொடுக்கும். அறுபடும் வலுவில் பத்தில் ஒரு பங்கு என்பது நடைமுறையில் ஏற்ற அளவு, இந்த ஒயருக்கு 240 கிலோ. அதை அளக்கக் கருவி இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. காற்றில்லாத விடியற்காலையில், கம்பியின் அடியில் கையை வைத்து ஒரு தட்டுத் தட்டுங்கள். அந்தத் தட்டு அலையாகக் கம்பி வழியே மேலே ஏறி, டவரில் மோதித் திரும்பி வந்து உங்கள் கையில் இடிக்கும். திரும்பத் திரும்பப் போய் வரும். பத்து முறை திரும்பி வர எத்தனை நொடி என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். உச்சியிலிருந்து 40 அடி தூரத்தில் இறங்கும் இருபத்தொரு மீட்டர் கம்பிக்கு நாலரை நொடி வந்தால் இழுவிசை 240 கிலோ. ஆறேகால் நொடி வந்தால் பாதிதான் இருக்கிறது என்று அர்த்தம். இடையில் இன்சுலேட்டர் போட்டால் இந்த எண் சற்று மாறும், அலையும் கலங்கலாக வரும். முதல் தடவை டென்ஷன் மீட்டர் இரவல் வாங்கிச் சரியாக இறுக்கிவிட்டு, அப்போது எத்தனை நொடி வருகிறது என்று எழுதி வைத்துக்கொண்டால் பிறகு அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஒரே மட்டத்தில் உள்ள மூன்று கம்பிகளும் ஒரே நேரம் காட்ட வேண்டும், அது முக்கியம். நிறுத்திச் சில நாளில் ஒருமுறை, பிறகு ஆவணியிலோ புரட்டாசியிலோ மழைக்காலத்துக்கு முன் ஆண்டுக்கு ஒருமுறை.

உங்கள் ஊர்க் காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்த்து அந்தப் பக்கக் கம்பியை மட்டும் பலமாகப் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். புயலில் அது நடக்காது. மேற்கு நோக்கி வரும் புயலின் மையம் உங்களுக்குத் தெற்கே கடந்தால், காற்று வடகிழக்கில் தொடங்கிக் கிழக்காக மாறித் தென்கிழக்கில் முடியும். வடக்கே கடந்தால் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு. கண் நேராக உங்கள் மேல் கடந்தால் முதலில் வடக்கிலிருந்து அடித்து, சற்று நேரம் ஓய்ந்து, பிறகு தெற்கிலிருந்து அடிக்கும். கஜா 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது, நீங்கள் இதையெல்லாம் நேரில் அனுபவித்திருப்பீர்கள். மூன்று ஆங்கரில் எது பலவீனமோ அதற்கும் ஒரு முறை வரும். நடுவில் காற்று ஓயும்போது, சரி செய்துவிடலாம் என்று தயவுசெய்து டவர் பக்கம் போகாதீர்கள்.

நாலு கால் டவர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். செல்போன் கம்பெனிகள் தரையில் போடுவது பெரும்பாலும் அதுதான். கம்பியைப் பற்றிய கவலை இல்லை, இடமும் குறைவு. ஆனால் கம்பி செய்யும் வேலையை அங்கே கால்களும் அஸ்திவாரமும் செய்தாக வேண்டும். இரும்பு பல மடங்கு, அஸ்திவாரம் பெரிது, செலவு உங்கள் டவரைவிட நிறைய. உங்கள் கொல்லையில் மூன்று ஆங்கருக்கு இடம் இருக்கும் பட்சத்தில் நான் அதைச் சொல்ல மாட்டேன். இடம் இல்லை, மரங்களை வெட்டவும் மனமில்லை என்றால் அதுவே வழி, உயரத்தைக் குறைத்துக்கொண்டு.

நாற்பதடியே போதும் என்றதற்கு இப்போது காரணம். புயலுக்குப் பிறகு நாகப்பட்டினம், தஞ்சாவூர், திருச்சி, சென்னையோடு பேசுவதுதான் நோக்கம் என்றால், அதற்கு உயரம் தேவையே இல்லை. 7 மெகாஹெர்ட்ஸில் டைபோல் என்ற சாதாரண ஆண்டெனாக் கம்பியைப் பதினைந்து இருபது அடி உயரத்தில் கட்டினாலே சமிக்ஞை செங்குத்தாக மேலே போய், வானத்தில் உயரே உள்ள அயனமண்டலத்தில் பட்டு, சுற்றிலும் சில நூறு கிலோமீட்டரில் இறங்கும். பகலில் அந்தத் தூரங்களுக்கு இது நன்றாக வேலை செய்யும். 2004 டிசம்பர் சுனாமியின்போது அந்தமான் போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்த அமெச்சூர் ரேடியோக்காரர் பாரதி பிரசாதும் கூட்டாளிகளும் தங்கள் ரேடியோ மூலம் உலகத்தோடு தொடர்பு கொடுத்தார்கள். தற்காலிகமாக அமைத்த நிலையம் அது. உயர டவரின் பயன் தொலைதூர நாடுகளோடு பேசவும், ஊருக்குள் வாக்கி டாக்கி போன்ற கையடக்க வி.எச்.எஃப். செட்டுகளை எட்டவும். இரண்டுக்கும் நாற்பதடி உங்களுக்குப் போதும்.

அதனால் நான் சொல்லும் ஏற்பாடு இது. நாற்பதடி ஸ்டே டவர், அடியில் கீல் வைத்து வின்ச்சால் (கயிறு சுற்றும் கைச்சக்கரத்தால்) சாய்க்கக்கூடியது. அறுபதடிக்குச் சொன்ன அதே ஆங்கர் கட்டைகளை இதற்கும் போடுங்கள், சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் அது அல்ல. வானிலைத் துறை இப்போது பல நாள் முன்னாலேயே சொல்லிவிடுகிறது. புயல் உங்கள் கரைக்கு வருகிறது என்று தெரிந்ததும், காற்று கூடுவதற்கு முந்தின நாளே யாகியை இறக்கிவிடுங்கள். ஆள் கிடைத்தால் டவரையே படுக்க வையுங்கள். யாகி இல்லாமல் டவர் மட்டும் நின்றால் மேல் கம்பியின் சுமையில் பெரிய பங்கு குறைந்துவிடும். டைபோல், அதன் கயிறு, பேட்டரி, செட் எல்லாவற்றையும் வீட்டுக்குள் ஒரு டின்னில் தயாராக வைத்திருங்கள். காற்று ஓய்ந்த அரை மணியில் இரண்டு கம்பு நட்டு நீங்கள் காற்றலையில் வந்துவிடலாம், டவர் நின்றாலும் விழுந்தாலும்.

பக்கத்து வீட்டைப் பற்றி நீங்களாகவே எழுதியது எனக்கு நிம்மதியாக இருந்தது, அநேகம் பேர் அதை எழுதுவதில்லை. ஒரு கம்பி போனால் டவர் நீளத்துக்கு நெடுஞ்சாண்கிடையாக விழலாம், மடங்கியும் விழலாம், முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் டவரின் அடியிலிருந்து டவர் உயரமும் ஆண்டெனாவின் பாதி நீளமும் சேர்ந்த தூரத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். அந்த வட்டத்துக்குள் ஓட்டு வீடும் மின்வாரியக் கம்பியும் வராத இடமாகப் பாருங்கள். மின்கம்பி விஷயத்தில் ஒரு அடிகூட விட்டுக்கொடுக்காதீர்கள், டவரைத் தூக்கி நிறுத்தும்போது அதில் பட்டால் பிடித்திருக்கும் ஆட்கள் அத்தனை பேரும் போய்விடுவார்கள். ஓட்டு வீடு வட்டத்துக்குள் வந்தே தீரும் என்றால் உயரத்தை முப்பதடியாக்குங்கள். கொல்லையின் அளவு, மரங்கள், மின்கம்பி, அந்த வீடு எல்லாவற்றையும் தூரம் குறித்து ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள், ஆங்கர் மூன்றும் எங்கே வரும் என்று நான் குறித்துத் தருகிறேன். குழி தோண்டும்போது எத்தனை அடியில் தண்ணீர் ஊறுகிறது என்றும் எழுதுங்கள். கான்கிரீட் போட்டு 28 நாள் ஆகாமல் கம்பியை இறுக்க வேண்டாம்.

கட்டுமானப் பொறியாளர்
வாசகர் ஆலோசனைப் பகுதி